கோலார்ச் சுரங்கமும் நியூட்ரினோவும்

புணேயிலிருந்து நாராயண்காவ் பக்கம் சென்ற தமிழன்பர்கள், வானை நோக்கி நிற்கும் பெருங் கிண்ணங்களைக் கண்டிருப்பீர்கள். வெடித்து மடிந்த நட்சத்திரங்களின் எச்சங்களிலிருந்து வரும் வானொலி அலைகளையும் அவை பிடித்துத் தருகின்றன. விண்ணை ஆராய மேலே பார்ப்பதுதானே முறை? ஆனால் நம்மவர் வெட்டிய குழிக்குள் இறங்கி விண்துகளைத் தேடிய வரலாறும் உண்டு.

கோலார் தங்கவயலில் உழைத்தோரில் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழர். வெப்பத்துக்கும் பாறை வெடிப்புக்கும் இடையே அவர்கள் தோண்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1950களின் தொடக்கத்திலேயே அங்கு இறங்கினர். தரைமீது ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதே காரணம். பின்னர் ஓர் ஆழத்தில், இரண்டு மாதம் காத்திருந்தும் கருவிகள் ஒரு துகளைக்கூடப் பதியவில்லை. வேறு சோதனையாயின் தோல்வி என்போம். இங்கோ அந்த மௌனமே மூலதனமாயிற்று.

பாறைக்கு அஞ்சாதது நியூட்ரினோ. மின்னேற்றமற்ற அத்துகள் பூமியையே ஊடுருவிச் செல்லும். கோடானுகோடியில் ஒன்றே அணுவில் மோதி மியூவான் என்னும் துகளை எழுப்பும். 1965இல் எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் அத்தகைய தடயத்தைக் கண்டனர். காஸ்மிக் கதிர்களால் நமது காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ அது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரைன்ஸ் குழுவினரும் கண்டனர். கோலார்க் கட்டுரை சில நாள் முந்தி அச்சேறிற்று. யார் முதல் என்ற வழக்கு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. குழி வெட்டியவர் எவரும் எந்த ஆசிரியர் வரிசையிலும் இல்லை.

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். எரிபொருள் தீர்ந்த பெருநட்சத்திரத்தின் நடுப்பகுதி சரியும்போது, வெளிப்படும் ஆற்றலில் 100க்கு 99 பங்கு நியூட்ரினோக்களாகச் சில நொடிகளில் பாய்ந்துவிடும். ஒளியோ மேற்பரப்பைக் கிழித்து வெளிவர மணிக்கணக்காகும். 1987 பிப்ரவரி 23இல், மகெல்லன் பெருமேகத்தில் சரிந்த நட்சத்திரமொன்று இதை மெய்ப்பித்தது. ஜப்பானின் கமியோகாச் சுரங்கத்துத் தண்ணீர்த் தொட்டி 11 நிகழ்ச்சிகளையும், அமெரிக்காவின் ஓஹியோ உப்புச் சுரங்கத்துத் தொட்டி 8 நிகழ்ச்சிகளையும் பதிந்தன. கோலாரில் அப்போதிருந்த இரும்புக் கருவிகள் புரோட்டான் சிதைவைத் தேடி அமைந்தவை; அவ்வளவு மெல்லிய ஆற்றல் அவற்றுக்கு எட்டாதது.

1990களின் தொடக்கத்தில் ஆய்வு நின்றது. 2001இல் சுரங்கமும் மூடப்பட்டது. ஆழத்து மட்டங்களில் நீர் நிரம்பிவிட்டது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் இன்று விடியற்கால ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர்.