ஜிர்சன்கல் தணற்கிண்ணங்களும் கஞ்சாவின் வீரியக் கணக்கும்

கஞ்சாவின் வீரியம் செடியிலேயே முடிவாகிவிடுவதில்லை. பச்சைப் பூங்கொத்தின் சுரப்பி மயிர்களில் பெரும்பாலும் இருப்பது டெட்ராஹைட்ரோகன்னாபினால் (டிஎச்சி) அன்று. போதை தராத அதன் அமில வடிவமே. வெப்பத்தாலோ காலத்தாலோ அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்த பிறகுதான் டிஎச்சி உருவாகிறது. அதுவும் நிலைப்பதில்லை. காற்றுப்பட நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து, வீரியம் மிகக் குறைந்த கன்னாபினாலாக மாறுகிறது. பழைய எச்சம் ஒன்றில் கன்னாபினால் மிகுந்திருந்தால் அச்செடி வீரியம் மிக்கது என்று முடிவு கட்டும் வழக்கம் தொல்லியல் வேதியியலில் வேரூன்றியிருக்கிறது. கன்னாபினால் செடியின் வகையை ஓரளவு காட்டக்கூடும். வலிமையைக் காட்டாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலர்த்தலால் வீரியம் கூடுகிறது என்ற எண்ணம் பெரிதும் எடைக்கணக்கின் மயக்கமே. 100 கிராம் பச்சைப் பூங்கொத்தில் 80 கிராம் நீரும் 3 கிராம் அமிலமும் இருப்பதாகக் கொண்டால், நீர் 10 விழுக்காடாகக் குறையும்வரை காய்ந்ததும் எடை ஏறத்தாழ 22 கிராமாகிறது. அமிலம் 3 விழுக்காட்டிலிருந்து 13.5 விழுக்காடாகத் தெரிகிறது. சேர்மம் ஒரு துளியும் கூடவில்லை. பாடம் செய்வதால் பச்சையமும் சர்க்கரையும் சிதைந்து புகையின் காரம் தணிகிறது, மணம் மாறுகிறது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், அறைவெப்பத்தில் ஒரு வாரம் உலர்ந்த பூங்கொத்து தன் ஆவியாகும் எண்ணெயில் 31 விழுக்காட்டையும், மூன்று மாதம் வைத்திருந்த பூங்கொத்து 55.2 விழுக்காட்டையும் இழந்திருந்தன. மணத்தின் முதிர்ச்சியை வீரியத்தின் முதிர்ச்சியாகக் கருதுவது சுவைஞர்களின் பழக்கம். அதற்கு வேதியியலில் ஆதரவு குறைவு.

வெப்பத்தின் கதை வேறு. 110 பாகை செல்சியஸில் அரை மணி நேரத்தில் அமிலம் ஏறக்குறைய முழுமையாக மாறிவிடுகிறது. மூலக்கூற்று நிறை 358இலிருந்து 314ஆகக் குறைவதால், ஒரு கிராம் அமிலத்திலிருந்து 0.877 கிராம் டிஎச்சிக்கு மேல் கிடைக்க வழியில்லை. சூடு மேலும் ஏறினால், நேரமும் நீண்டால், ஆவியாதலும் ஆக்சிஜனேற்றமும் அதிலிருந்து கழிக்கத் தொடங்குகின்றன. சேமிப்பிலும் இழப்பு உண்டு: அறைவெப்பத்தில் வைத்த கஞ்சா முதல் ஆண்டில் சராசரியாக 16.6 விழுக்காடும், நான்கு ஆண்டுகளில் 41.4 விழுக்காடும் டிஎச்சியை இழந்ததாக அளந்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் இழப்பு இன்னும் விரைவு.

இந்தப் பின்புலத்தில்தான் ஜிர்சன்கல் சான்றைப் படிக்க வேண்டும். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில், பாமீர் மலைத்தொடரின் கிழக்கே, கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேல் அமைந்த இடுகாடு அது. காலம் ஏறத்தாழ பொ.ஆ.மு. 500. அங்கே எட்டுக் கல்லறைகளில் பத்து மரக்கிண்ணங்கள் கிடைத்தன. உட்புறம் கரிந்த அவற்றில் சூடேற்றப்பட்ட கற்கள் கிடந்தன. கரிந்த மரத்தைச் சுரண்டி எடுத்து, வாயு நிறப்பிரிகையும் நிறைமாலை அளவியும் கொண்டு சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. கன்னாபினால் தெளிவாகத் தெரிந்தது; கஞ்சாவின் மற்றொரு சேர்மமான, போதை தராத கன்னாபிடியாலின் சுவடு அதற்கு ஈடாக இல்லை. காட்டுச் செடியைவிட டிஎச்சி மிகுந்த செடியைத் தேர்ந்து எரித்தார்கள் என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. அடுத்து வந்த எழுத்துகளில் அது ஐயமற்ற செய்தியாகவே உலவுகிறது.

கன்னாபினாலுக்கு டிஎச்சியைத் தவிர வேறு மூலம் இல்லை என்ற எடுகோள் இந்த வாசிப்பின் அடியில் இருக்கிறது. சேமிப்பறையில் அது பெரும்பாலும் பொருந்தும். தணலில் பொருந்துமா என்பதே ஐயம். கன்னாபிடியாலும் டிஎச்சியும் ஒரே மூலக்கூற்று வாய்பாடு கொண்டவை. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், கன்னாபிடியாலை 250 முதல் 400 பாகை வரை சூடேற்றியபோது அதில் 25 முதல் 52 விழுக்காடு வேறு சேர்மங்களாக மாறியது. அவற்றுள் டிஎச்சியும் கன்னாபினாலும் முதன்மையானவை. அது தூய சேர்மத்தைக் கொண்டு செய்த சோதனை, செடியைக் கொண்டு அன்று. அப்படியே பாமீருக்குப் பெயர்ப்பது மிகை. ஆயினும் எடுகோளின் உறுதி குலைவதற்கு அது போதும்.

ஜிர்சன்கல் ஆய்வு செய்த ஒப்பீடும் சமன்பட்டதன்று. கிண்ணங்களோடு அது ஒப்பிட்ட, டர்பான் பகுதியின் ஜியாயி இடுகாட்டில் பிணத்தின் மேல் போர்த்திய பழஞ்செடி, எரியாமல் புதையுண்டது. எரிந்த கிண்ணத்தின் கரியையும் எரியாத செடியையும் அருகருகே வைத்தால், தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு செடியுடையது, எவ்வளவு தணலுடையது என்று பிரிக்க முடியாது. கருவியும் தன் பங்குக்குக் குழப்புகிறது: வாயு நிறப்பிரிகையின் செலுத்துவாய் 250 பாகையை ஒட்டிய சூட்டில் இயங்குவதால், மாதிரியில் அமிலம் எஞ்சியிருந்தாலும் அங்கேயே மாறிவிடும். கிண்ணத்தில் இட்டது பச்சைக் கொத்தா, உலர்ந்ததா, பாடம் செய்ததா என்று அந்தக் கருவியைக் கேட்பது வீண். மேலும், மரத்தில் தங்கியது புகையாகப் போகாத மிச்சம். அதிலிருந்து மூச்சில் சென்ற அளவைக் கணக்கிடும் சூத்திரம் எதுவும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. மேற்சொன்ன 2021 சோதனையில்கூடக் கன்னாபிடியாலில் ஏறத்தாழப் பாதியாவது மாறாமல் நின்றது. கிண்ணங்களில் எரிந்தது கன்னாபிடியால் மிகுந்த செடியானால் அதன் சுவடு இன்னும் பலமாக இருந்திருக்கும். ஆகவே டிஎச்சி வகைச் செடி என்பது ஏற்கத்தக்க ஊகம். வகை என்பது விகிதம். வீரியம் என்பது அளவு. ஒரு விழுக்காடு டிஎச்சியும் மிகச் சொற்பக் கன்னாபிடியாலும் கொண்ட மெலிந்த மலைச்செடியும் இதே விகிதத்தைத் தந்துவிடும். உயரமான நிலத்தின் புறஊதாக் கதிர் வீரியத்தைக் கூட்டியிருக்கும் என்ற விளக்கம், நிறுவப்படாத அளவுக்குக் காரணம் தேடுவதாகும். அதை இங்கே விரிக்கத் தேவையில்லை. சடங்கில் எரித்ததால் வீரியம் இருந்தே தீரும் என்ற வாதமும் அப்படியே: சடங்குகளில் மணத்துக்காக எரிந்த பொருள்கள் ஏராளம்.

டர்பானின் யாங்ஹாய் கல்லறையில் கிடைத்த 789 கிராம் கஞ்சா வேறு தரத்துச் சான்று. 2,700 ஆண்டுப் பழமையுள்ள அதில் கன்னாபினாலோடு, டிஎச்சி அமிலத்தை ஆக்கும் நொதிக்கான மரபணுவும் கிடைத்தது. மரபணுவைத் தணலும் காற்றும் வேறொன்றாக மாற்றிக் காட்டுவதில்லை என்பதால் வகை அங்கே தனிச்சான்று பெறுகிறது. ஜிர்சன்கலுக்கு அப்படியொரு துணை இல்லாத நிலையில், டிஎச்சி மிகுந்தது, கன்னாபிடியால் மிகுந்தது என்ற இரு வகைச் செடிகளையும் மரக்கிண்ணத்தில் சுட்ட கல்லின்மேல் எரித்து, கரிந்த மரத்தை அதே கருவியில் அளந்து பெறும் ஒப்பீட்டு வரிசைதான் முதலில் வேண்டியது.