வரையாட்டின் அச்சம் போன கதை

மூணாறுக்கு மேலே இராஜமலையில் ஏப்ரல் மாதம் நடந்து போகிறவர்களுக்கு வரையாடும் குட்டியும் சாலையோரத்திலேயே காணக் கிடைக்கும். மழைக்காலத்தில் இணைசேர்ந்து, ஏறக்குறைய ஆறு மாதம் சுமந்து, தை மாசியில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி ஈனும் விலங்கு அது. அந்த ஈற்றுக்காலத்துக்காகவே, இராஜமலை அடங்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பிப்ரவரி, மார்ச்சில் பார்வையாளருக்கு மூடிவைக்கிறார்கள். திறந்தபின் போனால், தாயின் விலாவை ஒட்டி நிற்கும் குட்டி நம்மை ஒரு கணம் பார்த்துவிட்டுப் புல்லில் வாய் வைக்கும். இதை இயற்கை தந்த வரம் என்று எழுதுவது வழக்கம். பாதிதான் சரி. மற்ற பல மலைகளில் ஆள் தலை தெரிந்ததுமே வரையாடு செங்குத்துப் பாறையில் இறங்கி மறைந்துவிடுகிறது. இராஜமலை ஆடு ஓடாமல் நிற்பதற்கு மனிதர்கள் ஏற்படுத்திய காரணங்கள் உண்டு.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி பூஞ்சாறு அரசரிடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு சரிவுகளெல்லாம் தேயிலையாயின. உறைபனி விழும் மேட்டுப் புல்வெளி துரைமாரின் வேட்டைக்களமாக எஞ்சியது. வேட்டையை ஒழுங்குபடுத்த 1928-இல் ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. காவலுக்கு வைக்கப்பட்டவர்கள் இம்மலையின் பழங்குடியினரான முதுவர்கள். மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த அவர்கள் சுற்றிவராவிட்டால் சங்கத்தின் விதி காகிதத்தோடு நின்றிருக்கும். துப்பாக்கிச் சத்தம் அடங்கியபின் வரையாட்டு மந்தைகளை இராஜமலையில் ஓர் எஸ்டேட் துரை உப்பு வைத்துப் பழக்கினார் என்பது வழிவழிச் செய்தி. எப்படியானாலும், அச்சம் தலைமுறை தலைமுறையாகக் கழன்றிருக்கிறது.

தேயிலைக்கு உதவாத நிலம்தானே, யாரும் காக்காவிட்டாலும் தப்பியிருக்கும் என்று கேட்கலாம். நீலகிரியிலும் பழனி மலையிலும் அப்படி நடக்கவில்லை. புல்வெளியை வெறும் தரிசு என்று கணக்கிட்டுச் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டார்கள். வரையாட்டின் மேய்ச்சல் சுருங்கிப்போனது. அப்படியானால் வேட்டைக்காரத் துரைமாருக்கே நன்றி சொல்ல வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. தேவையில்லை. அதே வகைத் துரைமார் நீலகிரியில் சுட்டுத் தள்ளியதால்தான் 1879-இல் அங்கே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை ஆசை எந்த விலங்கையும் காப்பாற்றியதில்லை. அந்த ஆசைக்குப் போட்ட கட்டுதான் காப்பாற்றியது. அந்தக் கட்டும் தனியார் தயவாக இருந்தவரை நிலையற்றதே. 1971-இல் கேரள அரசு இங்குள்ள கண்ணன் தேவன் மலை நிலங்களைச் சட்டத்தால் மீட்டது. 1975-இல் இரவிகுளம் சரணாலயமானது, 1978-இல் தேசியப் பூங்காவானது. 97 சதுர கிலோமீட்டர் நிலம் அப்போதுதான் பொதுச்சொத்தாக உறுதிப்பட்டது. 1969-இல் இங்கே வந்து வரையாட்டை ஆராய்ந்த விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் அதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்ததும் இதற்குத் துணைசெய்தது. துரைமாரின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. காவல் சுற்றிய முதுவர்களின் பெயர்களைத் தேடினால் கைக்கு வருவது சொற்பம். இந்த வரலாற்றின் பெரிய ஓட்டை அதுதான்.

பழகிய விலங்குக்குத் தற்காப்பு குறைவு. ஆகவே இராஜமலைக்குப் போகிறவர்கள் பிஸ்கட், முறுக்கு எதையும் நீட்டாதீர்கள். படம் எடுப்பதற்காகக் குட்டிக்கும் தாய்க்கும் நடுவே போய் நிற்காதீர்கள்.