புதுக்கோட்டையில் குற்றவியல் மேல்முறையீடு: சமஸ்தானம் முதல் மதுரைக் கிளை வரை

லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் அவர்கள் செய்த மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பிய பின்னரே, 1947 ஏப்ரலில் அதே உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

அவ்வாண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. சென்னை மாகாணம் நாற்புறமும் சூழ்ந்திருப்பினும், சட்டநோக்கில் சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியாவிற்குப் புறம்பானது. ஆதலின் சென்னை உயர்நீதிமன்றமோ பிரிவி கவுன்சிலோ அதன் தீர்ப்புகளில் தலையிட இயலாது. நீதிமன்றப் படிநிலை சீப் கோர்ட்டோடு முடிந்தது. அதற்கப்பால் எஞ்சியது மன்னரின் கருணை. கருணையை மேல்முறையீட்டிற்கு ஈடாகக் கொள்ளல் பொருந்தாது. மேல்முறையீட்டில் சாட்சியம் மீண்டும் எடைபோடப்படும், முடிவுக்குக் காரணம் கூறப்படும். கருணைக்கு இவ்விரு கடப்பாடும் இல்லை.

1948 மார்ச் 3இல் நிகழ்ந்த இணைப்பை நிர்வாக மாற்றமாக மட்டும் நோக்குதல் போதாது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, அமர்வு நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தாலன்றி நிறைவேற்ற இயலாது. தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடே செய்யாவிடினும் இவ்விதி பொருந்தும். உள்ளூர் அதிகாரத்தின் நிழல் படாத நீதிபதிகள் சாட்சியத்தை மீண்டும் படிக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. 1950இல் உச்சநீதிமன்றம் அமைந்தபோது மேலும் ஒரு படி கூடிற்று. எனினும் இப்பாதை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டும் உரியதன்று. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசும் மேல்முறையீடு செய்யலாம். பாதிக்கப்பட்டோருக்கு அவ்வுரிமை 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே கிடைத்தது. அவர்கள் நெடுங்காலம் வெறும் சாட்சிகளாகவே நிறுத்தப்பட்டிருந்தனர் என்பது கருதத்தக்கது.

சட்டத்தில் திறந்த வழி நடைமுறையில் நெடுந்தொலைவாகவே இருந்தது. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமான பிறகும் உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவிலேயே இருந்தது. அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர்நீதிமன்றத்தை அணுகக் காலவரம்புச் சட்டம் அளிப்பது 60 நாட்கள். மரண தண்டனையாயின் 30 நாட்களே. அதற்குள் வழக்கறிஞரை அமர்த்திக் கட்டணமும் திரட்ட வேண்டும். சிறை அதிகாரி வழியே மனு அனுப்பச் சட்டம் இடமளித்தது உண்மையே. ஆனால் அம்மனுவிற்காக வாதிட ஒருவர் வேண்டுமே. 2004 ஜூலை 24இல் மதுரைக் கிளை தொடங்கப்பெற்று, புதுக்கோட்டை அதன் எல்லைக்குள் வந்தது. அதன்பின் கைதியின் குடும்பத்தார் காலையில் பேருந்தேறி, மதுரையில் வழக்கறிஞரைக் கண்டு, அன்றிரவே ஊர் திரும்ப இயன்றது.