பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் செய்தி

பாடப்படும் சொற்களுக்கு அப்பால் பாட்டில் ஏதோ ஓர் இரகசியம் இருக்கிறது என்ற எண்ணம் பழையது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்தபின் அவ்வெண்ணத்துக்கு ஒரு கருவி கிடைத்தது. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்; பின்னோக்கியும் சுழலவிடலாம். மேற்குலகின் பொப், றொக் இசையில் வேடிக்கையாகத் தொடங்கிய இவ்விடயம் நீதிமன்றம் வரை சென்றது.

1966 இல் பீட்டில்ஸ் குழுவினர் 'ரெய்ன்' என்ற பாட்டின் இறுதியில் ஜோன் லெனனின் குரலைப் பின்னோக்கி ஒலிக்கவிட்டனர். அது வெறும் ஒலி விளையாட்டு. ஆனால் 1969 ஒக்டோபரில் டெட்ரொய்ட் நகர வானொலி நிலையமொன்றை அழைத்த நேயர் ஒருவர், அக்குழுவின் வேறோர் ஒலிப்பதிவைப் பின்னோக்கிச் சுழற்றினால் போல் மக்கார்ட்னியின் மரணத்துக்குச் சான்று கிடைக்கும் என்றார். வதந்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. மக்கார்ட்னி உயிருடன் இருந்து 'லைஃப்' சஞ்சிகைக்குப் பேட்டி கொடுத்த பின்னரும் அது முற்றாக ஓயவில்லை.

உண்மையில் காதுக்கு என்ன நேர்கிறது? கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோக்கி, ரீட் என்னும் உளவியலாளர் இருவர் இதனை ஆராய்ந்து 1985 இல் வெளியிட்டனர். பின்னோக்கி ஒலித்த பேச்சிலிருந்து கேட்டவர்கள் பொருளெதனையும் பெறவில்லை. 'இன்ன சொற்கள் வருகின்றன, கவனியுங்கள்' என்று முன்கூட்டிச் சொன்னபோதோ பலருக்கும் அவை கேட்டன. சொல்வதெழுதலில் மாணவன் காதில் விழுந்ததை விட்டுத் தான் எதிர்பார்த்த சொல்லை எழுதிவிடுவதை ஆசிரியர்கள் அறிவர். இதுவும் அதுதான்.

அதே 1985 டிசெம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இளைஞர் இருவர் தம்முயிரை மாய்க்க முயன்றனர். ஒருவர் அன்றே இறந்தார். படுகாயமுற்ற மற்றவர் 1988 இல் இறந்தார். 'ஜூடாஸ் பிறீஸ்ட்' குழு 1978 இல் வெளியிட்ட இசைத்தட்டிலுள்ள பாட்டொன்றில் மறைவாக ஒலித்த ஏவற்சொல்லே அவர்களைத் தூண்டியது எனக் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1990 இல் ரீனோ நகரில் விசாரணை நடந்தது. பாடகரின் மூச்சொலியும் கிற்றார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்ததே அவ்வோசை, அது வேண்டுமென்று வைக்கப்பட்டதல்ல என நீதிபதி முடிவுசெய்து வழக்கைத் தள்ளினார். அவ்விளைஞரின் குடும்பத் துன்பங்களும் மது, போதைப் பழக்கமும் விசாரணையில் பேசப்பட்டன. அவை எவையும் மறைந்து ஒலித்தவையல்ல.

அப்படியானால் பாட்டில் இரகசியமே இருந்ததில்லையா? இருந்தது. கொலம்பியாவில் ஃபார்க் கிளர்ச்சியாளர் பிடித்துச்சென்ற படையினரும் பொலிசாரும் ஆண்டுக்கணக்கில் காட்டில் அடைபட்டுக் கிடந்தனர். வானொலி கேட்க மட்டும் அவர்களுக்கு வாய்ப்பிருந்தது. 2010 இல் இராணுவம் விளம்பரத் துறையினரின் உதவியுடன் 'நல்ல நாட்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பொப் பாட்டைத் தயாரித்தது. தாளத்தோடு தாளமாக அதில் மோர்ஸ் தந்திக் குறிகள் கோக்கப்பட்டன. பத்தொன்பது பேர் மீட்கப்பட்டனர், அடுத்தது நீங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள் என்பதே செய்தி. நாட்டுப்புறத்துச் சிறு வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்பின. காவலிருந்தவர்களுக்கு அது வெறும் பாட்டு. படைப்பயிற்சியில் மோர்ஸ் கற்றிருந்த கைதிக்கோ அது கடிதம். மீண்டு வந்தோரில் அச்செய்தியைக் கேட்டவர்கள் இருந்ததாகப் படை அதிகாரிகள் பின்னர் கூறினர்.

இரண்டுக்குமுள்ள வேறுபாடு தெளிவு. கொலம்பியப் பாட்டில் ஒருவர் வைத்தார், இன்னொருவர் எடுத்தார். இருவரும் ஒரே எழுத்தைக் கற்றிருந்தனர். மற்றவற்றில் யாரும் வைக்காததைக் கேட்டவரே வைத்து அவரே எடுத்தார். நம் பிள்ளைகளின் பாட்டில் மறைந்திருப்பதைத் தேடிக் கவலைப்படும் பெற்றோரும் ஆசிரியரும், அப்பிள்ளைகள் வெளிப்படையாகச் சொல்வதற்கு முதலில் காது கொடுக்க வேண்டும்.