மீன் சுமந்த சக்கரங்கள்: இராமேசுவரம் கரையில் மோட்டார் வண்டியின் வரலாறு

இராமநாதபுரம் கடற்கரையில் மீன் கரையேறும் இடம் ஒன்று, விலைபோகும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே மணல் கிடந்தது. ஒடுங்கிய சக்கரம் மணலில் புதையும் என்பதால் இங்கே சுமையின் முதல் வாகனம் மனிதத் தலைதான். பெண்கள் கூடைகளில் மீனையும் கருவாட்டையும் சுமந்து ஊர் ஊராக நடந்தார்கள். தரை இறுகிய இடங்களில் மாட்டுவண்டி ஓடியது.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபோது இராமேசுவரம் தீவு ரயிலால் நிலத்தோடு இணைந்தது. தனுஷ்கோடி வரை தண்டவாளம் நீண்டது. ஆனால் ரயில் நிலையம் வரை சரக்கைக் கொண்டுசேர்க்கும் வேலை தலைக்கும் மாட்டுக்கும்தான் விடப்பட்டது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்தத் தண்டவாளமும் அதோடு போயிற்று. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாட்களில் சீரமைத்தது. அதன் பிறகும் சுமார் 24 ஆண்டுகள் தீவுக்குச் சாலை இணைப்பு கிடையாது. 1988 அக்டோபர் 2 அன்று சுமார் 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைப் பாலம் திறந்த பிறகே லாரியும் இருசக்கர வாகனமும் தடையின்றி வந்து போகத் தொடங்கின.

இதற்குள் சிறு வியாபாரிக்கு ஏற்ற வாகனம் ஒன்று தமிழ்நாட்டிலேயே பிறந்திருந்தது. ஓசூர் ஆலையிலிருந்து 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. 50 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். கியர் மாற்றும் வேலை இல்லை. இருவர் அமர்ந்து போவதற்கென்று செய்யப்பட்ட இந்த வண்டியை மீன் வியாபாரிகள் சுமைவண்டியாக்கினர். பின் இருக்கை இருந்த இடத்தில் பெட்டியைக் கயிற்றால் கட்டினார்கள். கால் வைக்கும் இடத்தில் கூடையை இறக்கினார்கள். அதே வரிசையில் பின்னர் வந்த எக்ஸ்எல் ஹெவி டியூட்டி வண்டியில் பின் இருக்கையைக் கழற்ற முடிந்தது. வியாபாரிகள் பழகிய வழிக்கு ஆலையும் வந்து சேர்ந்ததையே இது காட்டுகிறது.

அடுத்த மாற்றம் பழைய ஸ்கூட்டரிலிருந்து வந்தது. சென்னையில் மீன்பாடி வண்டி என்று பெயர்பெற்ற மூன்று சக்கர வண்டி இதற்குச் சிறந்த சான்று. மிதித்து ஓட்டிய சரக்கு ரிக்‌ஷாவில், காலாவதியான ஸ்கூட்டரின் இன்ஜினைப் பட்டறைக்காரர்கள் பொருத்தினார்கள். முன்னால் சுமைத் தட்டு, பின்னால் ஓட்டுநர். ஸ்கூட்டர் இன்ஜினைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் உண்டு. பஜாஜ், வெஸ்பா வகை ஸ்கூட்டரில் இன்ஜின், கிளச், கியர்பெட்டி மூன்றும் ஒரே கட்டாக இருக்கும். பின்சக்கரம் கியர்பெட்டியின் அச்சிலேயே மாட்டப்பட்டிருக்கும். அதனால் முழுக் கட்டையும் எடுத்து வேறு சட்டத்தில் பற்றவைக்கலாம். காற்றாடி வைத்துக் குளிர்விக்கப்படுவதால், எதிர்க்காற்று கிடைக்காத மெதுவான ஓட்டத்திலும் இன்ஜின் தாக்குப்பிடிக்கும். குறை பிரேக்கில் இருந்தது. ஒருவரோ இருவரோ ஏறும் வண்டிக்கென்று அமைந்த பிரேக்கால், அதைவிடப் பல மடங்கு சுமையை நிறுத்த முடியவில்லை.

சட்டம் இந்த இடத்தில்தான் குறுக்கே நின்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றியமைப்பதற்குச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது; இணைப்புச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டர்களைத் தமிழக அரசே அவர்களுக்கு வழங்குகிறது. ஆனால் ஆளுக்கான வண்டியைச் சுமைக்காகப் பட்டறையில் மாற்றுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. பதிவெண் இல்லாவிட்டால் காப்பீடு இல்லை. விபத்து நேர்ந்தால் இழப்பு முழுதும் ஏழையின் தலையில்தான் விழுகிறது.

மின்மோட்டார் இந்தச் சிக்கலுக்கு வழி திறந்திருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட சட்டம், 4,000 வாட்டுக்கு மிகாத மூன்று சக்கர மின்வண்டியைச் சரக்குக்கும் பயணிக்கும் தனித்தனி வகையாக ஏற்றுக்கொண்டது. அதன் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் அடங்கியது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தரும். ஆகவே மெதுவாக, நின்று நின்று போகும் மீன் விற்பனைக்கு அது பொருந்தும். ஆனால் உப்புக்காற்று மின்னிணைப்புகளையும் இரும்புச் சட்டத்தையும் விரைவில் அரிக்கும். மூடிய இணைப்புகளும் துருப்பிடிக்காத பூச்சும் இல்லாமல் இந்தக் கரையில் எந்த வண்டியும் நெடுநாள் உழைக்காது.

இந்த நூறாண்டு வரலாற்றில் ஒன்று தெளிவாகிறது. கரைக்கு வேண்டிய சுமைவண்டியை ஆலைகள் தாமாக முன்வந்து தரவில்லை. ஆள் ஏறும் வண்டியை வாங்கி, உழைக்கும் மக்களே அதைச் சுமைக்குப் பழக்கினார்கள். அந்தக் கைத்திறனைக் குற்றமாக மட்டும் பார்ப்பதை அரசு விட வேண்டும். பிரேக்கையும் வண்டியின் சட்டகத்தையும் சோதித்துச் சான்று தந்து, பட்டறை செய்த வண்டிக்கும் பதிவெண் வழங்கும் வழியை அது வகுக்க வேண்டும்.