வேஷப் பொருத்தம்: நந்தன் பாத்திரத்தை முன்வைத்துச் சில கேள்விகள்

'அந்த வேஷத்துக்கு அந்த ஆளு பொருந்தலப்பா.' நாடகமோ சினிமாவோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது நாமெல்லாம் சொல்கிற வாக்கியம்தான் இது. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். பொருத்தம் என்கிற சொல்லை நாம் அதிகம் கேட்கும் இன்னொரு இடம் கல்யாணப் பேச்சு. அங்கே பத்துப் பொருத்தம் பார்க்க உட்காருவதற்கு முன்பே சாதியைப் பார்த்து முடித்திருப்பார்கள். அதனால் அந்தப் பத்தில் சாதி என்று ஒரு பொருத்தம் தனியாக இருக்காது. மேடையிலும் திரையிலும் இப்படிப் பேச்சுக்கு வராமலேயே முடிந்துபோகிற பொருத்தம் ஒன்று இருக்கிறது என்பது என் சந்தேகம்.

தமிழ் நாடக வரலாற்றில் பால் மாற்றம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். இதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில் ராஜபார்ட்டும் பையன்தான், ஸ்திரீபார்ட்டும் பையன்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை வள்ளியாகப் பொருந்தியவன் இன்றைக்குப் பொருந்தமாட்டான், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் கும்பகோணம் பாலாமணி அம்மாளின் கம்பெனியில் ஆண் வேஷங்களையும் பெண்களே கட்டினார்கள். அந்தப் பால சபாவில் வளர்ந்த டி.கே. சண்முகம் 1940களில் ஔவையாராக நடித்து 'ஔவை சண்முகம்' என்றே பெயர் வாங்கினார். ஆண் உடம்பில் ஔவைக் கிழவியைக் கண்டு ஜனங்கள் கும்பிட்டார்கள். ஆக, உடல் வேறு வேஷம் வேறு என்கிற ஞானம் நம் பார்வையாளர்களுக்கு எப்போதும் இருந்தது. வெள்ளைக்காரத் தியரி வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்த ஞானம் எந்த இடத்தில் வந்து நின்றுபோகிறது என்பதுதான் கேள்வி.

1935இல் 'பக்த நந்தனார்' படம் வந்தது. நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது ஊரெல்லாம் வாயைப் பிளந்த தொகை. 1933இல் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியிருந்தவரை இந்தப் படம் திரைக்கு அழைத்துவந்தது. பண்ணை வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. பேச்சு மட்டும் கிடைக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு லட்சம் வருகிறது, பாட்டு வருகிறது, ஒரு பெண் எப்படி ஆணாக நடிக்கலாம் என்பது வருகிறது. 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' வந்தபோது நந்தன் எம்.எம். தண்டபாணி தேசிகர். தேவாரம் பாடும் மரபில் வந்தவர், அபாரமான குரல். வேதியர் செருகளத்தூர் சாமா. இம்முறை ஆண் வேஷத்துக்கு ஆணே வந்துவிட்டதால் பொருத்தம் சரியாகிவிட்டது என்று ஆயிற்று.

சரியாகிவிட்டதா? சுந்தராம்பாளையோ தேசிகரையோ குறைசொல்வது என் நோக்கமல்ல. இருவரும் பெரிய கலைஞர்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. இரண்டு படங்களிலும் வேதியர் வேஷத்துக்குப் பிராமணர்தான் தேவைப்பட்டார். நந்தன் வேஷத்துக்கு நந்தனின் தெருவிலிருந்து ஒருவர் தேவைப்படவில்லை. ஒரே படத்துக்குள் ஒரு வேஷம் பிறப்பைப் பார்க்கிறது, இன்னொரு வேஷம் நடிப்பைப் பார்க்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் அல்ல. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு நந்தனார் நாடகம் போட்டார்கள். எங்கள் வகுப்பில் நன்றாகப் பாடுகிறவன் சேரியிலிருந்து வந்த ஒரு பையன். நாடகம் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் அவனே போய்க் கேட்டான்:

'சார், நந்தன் வேஷம் நான் கட்டுறேன் சார்.'

'நீ கட்டுனா அது வேஷமாவே தெரியாதுடா.'

'அப்ப ஐயரு வேஷமாச்சும் குடுங்க சார்.'

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நந்தன் வேஷம் எனக்குக் கிடைத்தது. நான் ஊர்த்தெருக்காரன், பாட்டும் சுமார்தான். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து என் உடம்பு முழுக்கப் பூசினார்கள். அவனுக்குத் திரை இழுக்கிற வேலை. நான் பாட்டில் தடுக்கிய இடத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அடி எடுத்துக்கொடுத்தது அவன்தான். கைதட்டல் எனக்கு வந்தது.

வாத்தியார் கெட்டவரல்ல. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது ஒரு முழுச் சித்தாந்தம். நந்தனுக்கு அவன் ரொம்பப் பொருந்திவிடுகிறான், அதனால் கிடையாது. வேதியனுக்குப் பொருந்தவே மாட்டான், அதனாலும் கிடையாது. அவன் எதற்குத்தான் பொருந்துவான்? திரைக்கயிற்றுக்கு. ஊர்த்தெருக்காரன் கீழே இறங்கி நந்தனாகலாம், அது நடிப்பு. சேரிக்காரன் மேலே ஏறி வேதியனானால் அது சிரிப்பு.

இப்போது நந்தன் கதைக்கே வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் பண்ணை வேதியர் கிடையாது. அவரைக் கொண்டுவந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' செய்த கோபாலகிருஷ்ண பாரதியார். பண்ணையடிமையின் வேதனை அதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சேக்கிழாரிலேயே இருக்கிற ஒன்றைப் பாருங்கள். தில்லைக்குள் நுழைய நந்தனின் உடல் பொருந்தவில்லை. தீ மூட்டுகிறார்கள். நந்தன் உள்ளே போகிறார், பூணூலும் சடைமுடியுமாக மறைமுனிவராய் வெளியே வருகிறார். வேஷப் பொருத்தம் குறித்த ஒரு பிரதியாகவே இதை நான் வாசிக்கிறேன். தீக்குழிதான் ஒப்பனை அறை. பொருந்தாத உடலுக்கு அங்கே வேஷம் போடுவதில்லை, உடலையே எரித்து வேறு உடல் தருகிறார்கள். கோயில் தன் வாசலை ஓரங்குலம்கூட அகட்டவில்லை. நந்தன்தான் ஆள் மாற வேண்டியிருந்தது.

1952இல் 'பராசக்தி' எடுத்தபோது சிவாஜி கணேசன் ஒல்லியாக இருக்கிறார், பொருந்தமாட்டார் என்று பேச்சு எழுந்தது. பி.ஏ. பெருமாள் பிடிவாதமாக நின்றார். கணேசன் உடம்பைத் தேற்றிக்கொண்டார். காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். ஒல்லி உடம்பைச் சோறு சரிசெய்துவிடும். பக்கத்தில் நின்று பிடிவாதம் பிடிக்க ஒரு பெருமாளும் வேண்டும். திரை இழுத்த பையனுக்கு அப்படி யாரும் இல்லை. நானும் இருக்கவில்லை.

'அப்படியானால் தலித் வேஷத்தில் தலித்துகள்தான் நடிக்கணுமா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். தலித் இலக்கியத்தைத் தலித் அல்லாதவர் எழுதலாமா என்று தொண்ணூறுகளில் நடந்த சண்டையின் மறுபிறவி இந்தக் கேள்வி. ஜப்பார் பட்டேலின் அம்பேத்கர் படத்தில் மம்முட்டி நடித்தார். 1998ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் வாங்கினார். அவர் பொருந்தவில்லை என்று நான் சொல்லமாட்டேன். நடிப்பு என்பதே அடுத்தவர் உடம்புக்குள் போய்வருவதுதான். அந்த உரிமையை ஒழித்தால் வாத்தியாரின் தீர்ப்பையே திருப்பி எழுதியதாகிவிடும்: சேரிக்காரனுக்குச் சேரி வேஷம் மட்டும் என்று. அப்படத்தின் தமிழ் வடிவம் 2010இல்தான் இங்கே திரைக்கு வந்தது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம். பொருந்தாமல் போனது நடிகரா, நம் கொட்டகைகளா?

ஆகவே நான் கேட்பது நந்தனை நந்தனிடமே கொடுத்துவிடுங்கள் என்பதல்ல. போய்வரும் பாதை இதுவரை ஒருவழிப் பாதையாக இருந்திருக்கிறது. அது இரண்டு பக்கமும் திறக்க வேண்டும். நந்தன் நாடகம் போட நினைக்கும் குழு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நந்தனுக்கு யார் என்று முதலில் தேடாதீர்கள். வேதியர் வேஷத்தைச் சேரியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஒத்திகையை ஆரம்பியுங்கள். யாருக்குச் சிரிப்பு வருகிறது என்று கவனியுங்கள். சிரிப்பு வருகிறவர்களில் நீங்களும் நானும் இருந்தால், முதலில் அதைப் பற்றிப் பேசுவோம். நாடகம் அப்புறம் நடக்கட்டும்.