நாற்பதுகளில் மாதவிடாய் மாற்றம்: ஒரு வரலாற்றுப் பார்வை

உலா இலக்கியம் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாகப் பகுக்கிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. கடைசியான பேரிளம்பெண் பருவத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் வயது 32 முதல் 40 வரை. அதற்கு அடுத்த பருவத்துக்கு அந்த வரிசையில் பெயரே இல்லை. மாதவிடாய் முறை மாறத் தொடங்குவதோ பெரும்பாலும் அந்த நாற்பதுக்குப் பிறகுதான்.

சொற்களும் மௌனமும்

சித்த மருத்துவம் மிகுதியான உதிரப்போக்கைப் 'பெரும்பாடு' என்றது. பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் 'மெனோபாஸ்' என்ற சொல்லைக் கையாண்டார். அன்று நெடுங்காடு உள்ளிட்ட காரைக்கால் பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1739இல் தொடங்கிய அவ்வாட்சி 1954 நவம்பர் 1 அன்று முடிவுற்றது. ஆனால் தமிழர் வீடுகளில் வழங்கிய சொற்கள் தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு என்பனவே. இவை ஒதுக்கிவைத்தலைக் குறிக்கின்றனவே தவிர, உடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே மாற்றம் நேரும்போது அதை விளக்கிச் சொல்லவும் பெண்களுக்குச் சொல் இல்லாமல் போயிற்று.

காரணம் தெரிந்த காலம்

1923இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆலனும் டாய்சியும் சூலகச் சுரப்பு குறித்த ஆய்வை வெளியிட்டனர். நாற்பதுகளில் சில மாதங்களில் சூலகத்திலிருந்து சினைமுட்டை வெளியாவதில்லை. அம்மாதங்களில் புரோஜெஸ்டிரான் போதிய அளவு சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து செயல்படுவதால் கருப்பையின் உட்படலம் தடிக்கும். பிறகு அது தாமதமாகவோ மிகுதியாகவோ வெளியேறும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46 வயதளவில் மாதவிடாய் நின்றுவிடுகிறது.

1942இல் அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதை மட்டும் உட்கொள்வது கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கு இடம் தரும் என்பது 1975இல் வெளிப்பட்டது. 2002இல் கூட்டு ஹார்மோன் குறித்த பெரிய ஆய்வொன்று, மார்பகப் புற்றுநோய் முதலான தீங்குகள் தெரிந்ததால் இடையில் நிறுத்தப்பட்டது. இன்று வயதையும் உடல்நிலையையும் பார்த்து, தேவைப்படுவோருக்கு மட்டும் மருத்துவர்கள் ஹார்மோன் தருகின்றனர்.

இரண்டு தவறுகள்

'நிற்கும் காலம், அப்படித்தான் இருக்கும்' என்று எல்லா உதிரப்போக்கையும் விட்டுவிடுவது முதல் தவறு. கருப்பை வாய்ப் புற்றுநோயும் இதே வயதில் உதிரப்போக்காக வெளிப்படலாம். 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே ஓர் ஆய்வு தொடங்கியது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை அது. சோதனை நடந்த ஊர்களில் இப்புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது.

உதிரப்போக்கு என்றவுடன் கருப்பையையே அகற்றிவிடுவது இரண்டாவது தவறு. தேவையற்ற கருப்பை நீக்க அறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளைச் செயல்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்: மணிக்கொரு முறை அணையாடை மாற்றுமளவு போக்கு, இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ உடலுறவுக்குப் பிறகோ உதிரம் காணுதல், 12 மாதங்கள் நின்றபின் மீண்டும் உதிரம் காணுதல். கடைசியாகச் சொன்னது ஒரு துளியே ஆனாலும் சோதனை அவசியம்.